மாயர் வீட்டு அடிப்பிடித்த சட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில் உடைந்த சட்டிகளின் ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பெர்லினிலும் பாரிசிலும் கோப்பை கழுவியவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எந்த வேலையிலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் நின்றதில்லை.

ஓடுகள் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவை. மாயர்கள் கல்லில் கோபுரங்கள் எழுப்புவதற்கு வெகுகாலம் முன்பு, வெறும் கிராமத்து ஆட்களாக இருந்த காலத்தவை. அவர்கள் முதன்முதலில் எப்போது ஓரிடத்தில் தங்கி உலை வைத்தார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சியாளரின் கேள்வி. தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார்.

ஆள் போதவில்லை என்று அவர் சொன்னபோது, கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையைக் கூட்டிப்போனேன். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் மீன் பெட்டி அடுக்கும் குளிர்க் கிடங்கில் வேலை செய்து விரல்கள் மரத்துப்போனவர். அவருடைய சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுவேன். இங்கே இளஞ்சூட்டுத் தண்ணீர். முதல் நாள் இரண்டு கைகளையும் தொட்டிக்குள் வைத்தபடி, "தம்பி, என்னை இதிலையிருந்து எழுப்பிப்போடாதை" என்றார். ஒரு கிழமை வேலையைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் கிடங்கு.

வெள்ளிக்கிழமை நான் மேல்மாடிக்குப் பெட்டி தூக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், எல்லாவற்றிலும் பழைய வீட்டுத் தரைக்கு அடியில் தோண்டியெடுத்த ஓடுகள் தட்டில் பளபளத்தன. அண்ணையின் கையில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

"அண்ணை, விசரே உங்களுக்கு? பிரஷ்ஷாலை மண்ணை மட்டுமெல்லோ எடுக்கச் சொன்னது!"

"வெளியிலை முழுக்கக் கரியடா. கரிச்சட்டியைக் கழுவினதெண்டு அடுக்கி வைக்கிறதே? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"அந்தக் கரிதான் அவவுக்கு வேணும். அதை வச்சுத்தான் எந்தக் காலமெண்டு கணிக்கிறது."

அண்ணை கம்பிச்சுருளைப் பார்த்தார். "அப்ப நான் கழுவி ஊத்தினது?"

"ஓம். அந்தக் கரியெல்லாம் தண்ணியோடை போட்டுது."

ஆராய்ச்சியாளர் உள்ளே வந்ததும் அண்ணை எழுந்து நின்றார். வந்தவர் ஓடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ்ஸிட்டை முழுசாச் சொல்லு" என்றார் அண்ணை. "சில ஓட்டிலை உள்பக்கம் அடிப்பிடிச்சது எவ்வளவு தேய்ச்சும் போகேல்லை. திங்கக்கிழமை ஊறவச்சு அதையும் எடுத்துத் தாறன்."

"அதை வேறை சொல்லோணுமே?"

"சொல்லடா. செய்யாத வேலையைச் செய்ததெண்டு காட்ட ஏலாது."

சொன்னேன். ஆராய்ச்சியாளர் துள்ளி எழுந்தார். ஊறவைக்க வேண்டாம், தொடவே வேண்டாம் என்றார். விளக்கை இழுத்து, சட்டியின் உள்வளைவைப் பார்த்தார். மண் மூடியிருந்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, கல்லுப்போல இறுகி ஒட்டியிருந்தது. கரி விறகின் வயதைத்தான் சொல்லும், விறகு சட்டியைவிட வெகுகாலம் மூத்த கிழட்டு மரமாகவும் இருக்கலாம் என்று எனக்கு விளக்கினார். ஆனால் சட்டிக்குள் எரிந்தது சாப்பாடு. அந்த வருடத்து விளைச்சல். இது கரியைவிட நல்லது.

அண்ணைக்குச் சொன்னேன். அவர் ஓட்டை எட்டிப் பார்த்தார்.

"ஆரோ அடுப்பை மறந்துபோட்டு வாசல்லை நிண்டு கதைச்சிருக்கினம். நல்ல ஏச்சு வாங்கியிருப்பினம்."

மொழிபெயர்த்ததும் ஆராய்ச்சியாளர் சத்தமாகச் சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். கம்பிச்சுருளைக் குப்பையில் போட்டுவிட்டு, அண்ணையின் கையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

பொருக்கு ஆய்வுகூடத்துக்குப் போனது. முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். நானும் இருந்து பார்ப்போம் என்று அந்த வேலையிலேயே நின்றுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு காலை, ரயில் மேடையில் அண்ணையின் கோட்டுப் பொத்தான்கள் பூட்டாமல் கிடந்தன. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"விடு. நான் பூட்டுறன்."

ரயில் வந்து நின்றது. அவர் இன்னும் முதல் பொத்தானில்தான் இருந்தார். அந்த ரயிலை விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் போனோம்.