பம்ப் ரூமில் சுட்ட சந்தனப் பொட்டு

எழுபதுகளின் கடைசியில், ஆயுத பூஜை முடிந்த கையோடு, ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன். அது சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. ஆபீஸுக்கு அது புதிது, எனக்கு வேலையே புதிது. "பொம்பளப் புள்ளைக்கு அவ்ளோ வெயிட் எதுக்கும்மா?" என்றார் மேலதிகாரி. அன்று சாயங்காலத்துக்குள் நானாகவே ஒரு பழுதைக் கண்டுபிடித்தால் கேமரா என் பொறுப்பு. இல்லாவிட்டால் மறுபடி வரைபட மேசை. அந்த மேசையை நான் மனதார வெறுத்தேன்.

துணைக்கு ஸ்டெல்லா வந்தாள். என் வயதுதான், பம்பாயில் பயிற்சி முடித்தவள், கொஞ்சம் அலட்டல். மாம்பலத்தில் ஏழரை மணி மின்சார ரயில், தாம்பரத்தில் இறங்கி பஸ். அங்கிருந்து ஊரப்பாக்கம் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். கேமராவின் உள்பாகத்தைக் குளிர வைக்க திரவ நைட்ரஜன் வேண்டும். அதை வைத்திருந்த குடுவையை இறுக மூடக்கூடாது என்பதால் வழியெல்லாம் வெள்ளையாகப் புகைந்தது.

"இன்னாம்மா, சாம்பிராணியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, ஐஸை விடக் குளிர்ச்சி."

"குளிர்ச்சின்னா ஏன் பொகையுது?"

நான் பதில் சொல்வதற்குள் முன் சீட்டே காலியாகிவிட்டது. ஜாலியாக ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். இன்று யாரும் இப்படிச் செய்யாதீர்கள், தனி வண்டி வையுங்கள்.

தொழிற்சாலை பம்ப் ரூமில் மெக்கானிக் பஷீர் அண்ணன் காத்திருந்தார். "வெளிநாட்டு மிஷின் வருதுன்னாங்கோ. அதான் எல்லாத்தையும் தேச்சு வெச்சிகீறேன்," என்றார். இரண்டு பம்புகளின் பேரிங் மூடிகளிலும் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. நைட்ரஜனை ஊற்றவும் ஃபோகஸ் செய்யவும் ஸ்டெல்லா சொல்லித் தந்தாள். சின்னத் திரையில் வெள்ளை என்றால் சூடு, கறுப்பு என்றால் குளிர்ச்சி. இரண்டு மூடிகளும் கறுப்பாகவே தெரிந்தன. மத்தியானம் குடுவை பாதி காலி. எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் இரண்டாவது மூடியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கவனித்தேன். நிமிர்ந்து பார்த்தால், சந்தனப் பொட்டு.

"சந்தனம் மட்டும் எப்படிடி சூடாகும்? மெஷின் சொதப்புது," என்றாள் ஸ்டெல்லா.

பஷீர் அண்ணன் நெளிந்தார். "பூஜை போட்டவங்கோ வெச்சது. சுத்தி தேச்சேன், அத்த தொடைக்க மனசு வரல."

முதல் மூடியிலும் அதே சந்தனம்தான், ஆனால் திரையில் அது மங்கலாக இருந்தது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது. பளபளக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி சுற்றியுள்ள குளிர்ச்சியைத்தான் காட்டுகிறது, தன் சூட்டைக் காட்டுவதில்லை. அப்படியானால் நிஜத்தைச் சொல்வது பொட்டுதான்.

"அண்ணே, அந்த ரெண்டாவது மூடியில கறுப்பு டேப் ஒட்டுங்க."

ஒட்டியவர் கையை உதறினார். "அப்பா, இன்னா கொதி கொதிக்குது." சற்று நேரத்தில் டேப்பும் திரையில் வெள்ளையானது. பம்பை நிறுத்தித் திறந்தால் உள்ளே பேரிங்கில் கிரீஸ் ஒரு துளி இல்லை. கையை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்தான். ஆனால் கேமரா இருக்கும்போது கையை யார் நம்புவார்கள்? மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இந்தக் கருவியைப் பழகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பளபளப்பைக் கண்டால் முதலில், மெஷின் நின்றிருக்கும்போதே, ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஊரப்பாக்கத்துக்கு இப்போது ரயிலிலேயே போகலாம்.

திரும்பி வரும்போது தாம்பரம் ஸ்டேஷனில் ஸ்டெல்லா கேமராப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நாளைலேர்ந்து நீயே தூக்கு. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

எவ்வளவு கனம் தெரியுமா அது. மாம்பலம் வரை மடியிலேயே வைத்திருந்தேன்.