தானாகப் படித்தவர்களும் எங்கள் துரையும்

காலேஜில் இடம் கொடுப்பது வெள்ளைக்காரத் துரையின் வேலை. இடம் இல்லை என்று சொல்வது குமாஸ்தாவான கிராணியின் வேலை. துரை அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் காலேஜில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

வயசுக் கோளாறு

ராமையா செமோர் ஊரின் ஈயலம்பத்தில், ஈயச் சுரங்கத்தில், தண்ணீர்ப் பம்பு பார்ப்பவர். பழைய புத்தகங்களை வாங்கி, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கிலீஷும் கணக்கும் படித்தவர். துரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். "எந்த ஸ்கூல்?" என்றதற்கு, "எந்த ஸ்கூலும் இல்லீங்க, நானாத்தான் படிச்சேன்" என்றார். "பலே கெட்டிக்காரன்! ஏதாவது ஒரு ஸ்கூலில் படித்து சர்ட்டிபிகேட்டோடு வா" என்றார் துரை.

ராமையா வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்கூலாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் வயது தாண்டிவிட்டது என்றார்கள். திரும்பி வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது.

"காலேஜுக்குப் படிப்பு பத்தல, ஸ்கூலுக்கு வயசு கூடிப்போச்சு. நடுவுல எங்கயாச்சும் எடம் இருக்காண்ணே?"

வாசித்துக் காட்டியவர்

சூசை சிலிபின் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். இங்கிலீஷை முழுக்கப் புத்தகத்திலேயே கற்றவர். ஒருவரும் அதைப் பேசி அவர் கேட்டதில்லை. அவர் எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டுத் துரையே உள்ளே கூப்பிட்டார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லை சூசை ‘கினைஃப்’ என்று வாசித்தார். உள்ளே இருந்த வாத்தியார்கள் சிரித்தார்கள். சூசை புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்; கட்டுரையைப் பாராட்டித் துரை அவரை அனுப்பிவிட்டார். வெளியே வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எழுத்து அங்க இருக்குதேண்ணே. அத எப்படி விட்டுட்டு வாசிக்கிறது?"

பீடோரிலிருந்து வந்த அம்மா

காளியம்மா பால்வெட்டுக்காரி. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தனியாக வந்திருந்தார். மகன் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு நின்றவன். பிறகு தானே இங்கிலீஷ் படித்திருக்கிறான். பால் வெட்டும் நேரத்தில் மர நிரையில் புத்தகமும் கையுமாக நின்றதைத் தோட்டத்துத் துரை பார்த்துவிட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "எங்கயும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க, கிராணியய்யா. சோறும் சரியாத் திங்கிறதில்ல, யாரோடயும் பேசறதில்ல" என்றார் காளியம்மா.

அந்த நேரம் எங்கள் துரை வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். காளியம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி இங்கிலீஷில் நீளமாகப் பேசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தமிழில் சொன்னேன்: தானாகப் படிப்பது மிக உயர்ந்த குணம், உங்கள் மகனை நினைத்து நீங்கள் பெருமைப்பட வேண்டும், அவன் வீட்டிலேயே தொடர்ந்து படிக்கட்டும்.

காளியம்மா மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தொர இம்புட்டு சந்தோசமாச் சொல்றாரே! அப்ப புள்ளய என்னைக்குக் கூட்டியாரச் சொல்றாரு?"

தானாகப் படித்து வந்தவர்களில் ஒருவரைக்கூட எங்கள் துரை பாராட்டாமல் அனுப்பியதில்லை, அனுப்பாமல் விட்டதும் இல்லை.