படத்துக்குக் கீழே என் பெயர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், நடந்ததிலும் பாதி மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லச் சொன்னால் இந்த அளவுகூட வந்திருக்காது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது.

பசுமலையில் ஒரு பாலர் பள்ளியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பது, மத்தியானம் தூங்கவைப்பது, இதுதான் வேலை. படம் வரைவது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு டீச்சர் வரைந்த பசு நாய் மாதிரி இருந்தது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சாக்பீஸால் தரையில் ஒரு பசு வரைந்து காட்டினேன். அன்றிலிருந்து சார்ட்டு அட்டையெல்லாம் என் தலையில் விழுந்தது. சிங்கம், மாம்பழம், ஏரோப்ளேன். படத்துக்குக் கீழே அது இன்னதென்று கொட்டை எழுத்தில் நானே எழுதுவேன். அட்டையின் பின்பக்கம் வகுப்பு டீச்சரின் பெயர் இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் அதைத் திருப்பிப் பார்த்து, டீச்சரை மெச்சிவிட்டுப் போவார். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது.

இந்த வருஷம் எங்கள் சர்ச்சை ஒட்டிய ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். ஞாயிறு பள்ளி நடக்கிற ஹால் அது. அதை நடத்துகிற டீச்சர் சின்னதில் எங்கள் பாலர் பள்ளியில் படித்தவர். கிணற்றடியில் இயேசு சமாரியா ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்கிற படத்தைச் சுவரில் வரைந்து தரும்படி கேட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேதத்தில் அந்த ஸ்திரீக்குப் பெயர் இல்லை. ஐந்து புருஷன்மார் இருந்தவள், இப்போது இருப்பவனும் புருஷன் இல்லை என்று மட்டும் வருகிறது.

பத்து நாளைக்கு மேல் வரைந்தேன். கிணறு எழுமலைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு மாதிரி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கிணறு அதுதான். பானையை இடுப்பில் வைத்தேன். கைவிரல் சரியாக வராமல் மூன்று தரம் அழித்து வரைந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. டப்பாவை மூடப் போனேன். டீச்சர் விடவில்லை.

"ஆயாம்மா, கீழ ஒங்க பேரப் போடுங்க."

"எதுக்கு டீச்சர்? பெயிண்டு வாங்கிக் குடுத்தவுக பேரப் போட்டா ஆகாதா?"

"அவுக பேரத்தான் பேன் றெக்கையிலயே போட்டாச்சே. படம் வரையிறவுக எல்லாம் கையெழுத்துப் போடுவாக. போடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் சர்ச்சில் பெஞ்சின் முதுகு, மின்விசிறியின் இறக்கை, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும், அல்லது இறந்தவர் பெயர் இருக்கும். பெஞ்சைச் செய்த ஆசாரியின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. நான் கொடுத்தவளும் இல்லை, இன்னும் போய்ச் சேரவும் இல்லை. பெயரைப் போட்டால் அந்தக் கோணல் விரலுக்கு விலாசம் எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும். வருகிறவர்கள் விரலைப் பார்ப்பார்கள், பிறகு பெயரைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் நினைத்தேனே தவிர, தூரிகையைக் கீழே வைக்கவில்லை. போடத்தான் ஆசை இருந்திருக்கிறது. பேங்கில் போடுகிற மாதிரி, வீட்டுக்காரரின் இனிஷியலோடு, முழுப் பெயரையும் எழுதினேன். வலது மூலையில் பெயிண்ட் காயவில்லை. அதனால் ஸ்திரீயின் பாதத்துக்கு நேர் கீழே எழுதினேன். பிள்ளைகள் படிக்கட்டுமே என்று சார்ட்டில் எழுதுகிற அதே கொட்டை எழுத்து.

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டீச்சர் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு பரீட்சை வைத்தார். கிணற்றண்டையில் இயேசுவோடு பேசியது யார் என்று ஒரு கேள்வி. பதினோரு பிள்ளைகள் என் பெயரை எழுதியிருந்தார்கள். இனிஷியலோடு.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது டீச்சர் விடைத்தாளைக் காட்டிச் சிரித்தார். "இனிசியலையும் விடாம எழுதிருக்குக பாருங்க ஆயாம்மா. அரை மார்க்காவது குடுக்கணும்ல." பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. சிங்கத்துக்குக் கீழே சிங்கம், மாம்பழத்துக்குக் கீழே மாம்பழம். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதுதான் அதன் பெயர் என்று பாலர் பள்ளியிலேயே பழகியவர்கள். அப்படிப் பழக்கியதில் நானும் ஒருத்தி.

மற்றவர்களுக்கு அது ஒரு வாரச் சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பள்ளிக்கூட வேனில் ஒரு மழைநாளில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அதற்கு ஒரு பேச்சு கிளம்பி, இரண்டு வருஷம் ஓடி, தானாக ஓய்ந்தது. பிறகு வேலையில் இருந்த வரைக்கும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன். இப்போது நானே என் பெயரைக் கொட்டை எழுத்தில் அந்த ஸ்திரீயின் காலடியில் எழுதிவைத்திருக்கிறேன். பழைய ஆட்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

அடுத்த ஞாயிறு தலைவலி என்று போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை என் நாத்தனார் ஆரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏன் மதினி, எங்கண்ணன் ஒருத்தன்தான கட்டுனான். மிச்ச நாலு பேரும் எந்த ஊரு?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆரப்பாளையம் வரைக்கும் வந்துருச்சு. ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது? வெளையாட்டுக்குக் கேட்டேன்."

"வெளையாட்டு ஒனக்கு. அறுப்பின் பண்டிகைக்கு மக வீட்டுச் சம்பந்தியெல்லாம் வாராக. சாப்பாடு அந்த ஹால்லதான்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் அந்த வேன் கதை தெரியும். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்ப அழிச்சிட்டு வந்துருங்க. பேரு இல்லாட்டி படம் கீழ விழுந்துருமா?"

புதன்கிழமை சாயங்காலம் ஒரு டம்ளரில் வெள்ளைப் பெயிண்ட் எடுத்துக்கொண்டு, மேலே இலையால் மூடிப் போனேன். யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சர் உட்கார்ந்து பாட்டு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அழிக்கப் போறீகளா?"

"ஆமா டீச்சர். எனக்குத் தூக்கம் வரல."

"நான் சிரிச்சதுதான் தப்பு. மன்னிச்சிருங்க." எழுந்து என் பக்கம் வந்தார். "ஆனா அழிச்சீகன்னா அம்புட்டுத்தான். பத்து வருசம் கழிச்சு யாராச்சும் கேட்டா, டீச்சர் வரைஞ்சதும்பாக. நானும் சும்மா இருந்துருவேன். பாலர் பள்ளியில அப்பிடித்தான நடந்துச்சு? அந்தச் சிங்கம் யாரு வரைஞ்சதுன்னு எனக்குப் போன வருசந்தான் தெரியும்."

தூரிகையை நனைத்து இனிஷியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கை போகவில்லை. வீட்டுக்காரரின் எழுத்து அது. அதை வெள்ளையடிக்க மனசு ஒப்பவில்லை. வைத்துவிட்டுப் போகவும் பயமாக இருந்தது.

டீச்சர்தான் சொன்னார். "பேர எதுக்கு அழிக்கணும்? முன்னால ஒரு வார்த்தை எழுதுனாப் போதும்ல. வரைந்தவர்னு."

"எனக்கு நானே மரியாதை போட்டுக்கிறதா? பாக்குறவுக என்ன நெனப்பாக."

"அப்ப வரைந்தவள்னு எழுதுங்க."

"வேணாம் டீச்சர். அவள் இவள்னு கெணத்தடியில போட்டா, அவளுக்கே சொன்ன மாதிரி இருக்கும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ. பிறகு இரண்டு பேரும் யோசித்து, 'வரைந்தது' என்று எழுதுவதாக முடிவானது. அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஸ்திரீயின் பெருவிரலுக்கும் இனிஷியலுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. எழுத்தை நெருக்கி எழுதினேன். கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டது. டீச்சருக்குப் போன் வந்து வெளியே போய்விட்டார். நானும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சந்தேகம் பிடித்தது. 'வரைந்தது' என்பதில் எழுதினது சின்ன ர வா, பெரிய ற வா? கை தன் போக்கில் எழுதிவிட்டது. திரும்பிப் போனேன், ஹால் பூட்டியிருந்தது. மறுநாள் போனால், பண்டிகைக்கு வந்த அண்டாவும் பெஞ்சும் அந்தச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்கள். இயேசுவின் தலையும் அவளுடைய பானையும்தான் தெரிகிறது, காலடி தெரியவில்லை. போனில் டீச்சரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால், பார்க்காமலே சரியாத்தான் இருக்கும் என்பார். வீட்டில் இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இரண்டுமே தப்பாகத் தெரிகிறது. பெயர் இல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு படம் மட்டுந்தான். இப்போது எழுதத் தெரியாதவள் வரைந்தது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இந்தத் தாளைத் திருத்துகிற நீங்கள் இங்கே எழுத்தைச் சரி செய்துவிடுவீர்கள். சுவரை யார் திருத்துவார்கள்? பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சுகளை நகர்த்துவார்கள். உங்களில் அந்தப் பக்கம் போகிறவர் யாராவது கொஞ்சம் குனிந்து பார்த்து எனக்குச் சொல்லுங்கள். பரீட்சையில் என் பெயரை எழுதியது பதினோரு பிள்ளைகளா, பன்னிரண்டா என்றும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; அன்றைக்குச் சிரிக்கிற அவசரத்தில் சரியாக எண்ணவில்லை. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.