காலை ஏழு மணி, மதியம் மூன்றுக்கு

முதியவர்களைப் பற்றி அக்கறையாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தவன் என்பதால் எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

இருபது வருடங்களுக்கு மேல் ஓர் அரசு வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆள் குறைவான நாட்களில், காலையில் ஒலிபரப்பானதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மதியம் அப்படியே மறுபடி விடுவோம். எங்களுக்குள் அதற்குப் பெயர் 'பழையது'. "மதியம் என்ன போறது?" என்று கேட்டால் "பழையதுதான்" என்று பதில் வரும். முறைப்படி, இது மறுஒலிபரப்பு என்று தொடக்கத்தில் ஒரு வரி சொல்ல வேண்டும். நடுவில் வரும் நேர அறிவிப்புகளை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் கேன்டீனில் போண்டா சூடாக இருக்கும். நான் ஒரு நாளும் வெட்டியதில்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

ஒருமுறை ஒரு நேயர் அஞ்சலட்டை போட்டிருந்தார். மதியம் இரண்டரைக்கு 'காலை ஆறே முக்கால்' என்று சொல்லிவிட்டீர்கள், தூங்கி எழுந்த என் மனைவி குழம்பிப்போய் மறுபடி பல் துலக்கினாள் என்று எழுதியிருந்தார். எழுத்தெல்லாம் நடுக்கம். அந்த அட்டையை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தோம். ஒரு வாரம் போகிறவர் வருகிறவரெல்லாம் படித்துச் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

ஓய்வு பெற்று இப்போது செங்கல்பட்டில் இருக்கிறேன். என் பெரியப்பா கருங்குழியில் தனியாக இருக்கிறார். பெரியம்மா போய்ப் பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் அவர் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று குறித்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. கலெக்டர் உத்தியோகம்கூட அதற்குக் கீழேதான் என்பது அவர் எண்ணம். இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, பகலா இரவா என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். மழை மூட்டமென்றால் அதுவும் தெரியாது. கூடவே சர்க்கரை.

இப்படிப்பட்டவர் ஒருவர் தயவும் இல்லாமல் தன் வீட்டில் தானே வாழ்ந்துகொண்டிருந்தார் என்றால், அது ரேடியோவை வைத்துத்தான். அறிவிப்பாளர் காலை ஏழு மணி என்று சொன்னதும், ரேடியோவுக்கு இடப்பக்கம் இருக்கும் டம்ளரிலிருந்து ஒரு சர்க்கரை மாத்திரை. அரை மணியில் பக்கத்து வீட்டு டிபன் கடைக்காரம்மா இட்லி கொண்டுவந்து வைப்பார். ராத்திரிச் செய்தி முடிந்ததும் வலப்பக்க டம்ளர். நான் ஒரு பேசும் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் நேரம் சொன்னது.

"யார்ரா இவ, என் வூட்டுல வந்து இங்கிலீஷ்ல கத்திகினு கீறா?" என்று அதைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டார். "ரேடியோல டைம் சொல்றவன் மனுசன். தப்பா சொன்னான்னா அவன் பொறுப்பு. இது பொம்மை. இத்த யாரு கேக்குறது?"

என்னோடு வந்து இருங்கள் என்று பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். "என் டைமுக்கு என் மாத்திரைய நான் போட்டுகினு கீற வரைக்கும் எங்கயும் வர மாட்டேன். அது என்னிக்கு தப்புதோ அன்னிக்கு வந்து இட்டுகினு போ" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

போன மழைக்காலத்தில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில் கருத்தரங்கு. பொதுச்சேவை ஒலிபரப்பும் மூத்த நேயர்களின் தேவைகளும் என்று தலைப்பு. அனுபவசாலி என்று என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. அரங்கம் மாடியில். லிஃப்ட் அன்றைக்கென்று பழுது. பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வேனில் பத்துப் பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களைக் கைத்தாங்கலாக மாடியேற்றி, முன்வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு துண்டு போர்த்தி, படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏசி நேராக அவர்கள் தலையில் அடித்தது. போர்த்திய துண்டை எல்லாரும் காதோடு சேர்த்து இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். காது கேளாதவர்களுக்கு ஒலிபரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் வாய்க்குள்ளேயே பேசினார். பார்வை மங்கியவர்களைப் பற்றிப் பேசியவர் திரையில் எறும்பு எழுத்தில் படம் காட்டினார். எனக்கே தெரியவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா மட்டும் எழுந்தார். "இன்னா பேசுறீங்கன்னு ஒண்ணும் பிரியல. எனுக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்க ரேடியோல முன்ன வந்துகினு இருந்தது இப்ப கொர கொரன்னுது. இன்னா பண்றது?"

மேடையில் இருந்த அதிகாரி சிரித்த முகம் மாறாமல், "ஆப் இறக்கிக்கோங்கம்மா, உலகத்துல எங்க இருந்தாலும் கேட்கலாம்" என்றார். அந்த அம்மா உலகத்தில் எங்கும் போகிறவராகத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

நான் என்ன பேசினேன்? வெட்கமில்லாமல் சொல்கிறேன். "தனிமையில் வாடும் முதியவருக்கு வானொலி ஒரு குரல் அல்ல, உறவு" என்றேன். குரலை இறக்கி, கடைசிச் சொல்லில் ஒரு நொடி நிறுத்தி. கைதட்டல் பலமாக இருந்தது. என் பழைய நிலையத்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

பிறகு சாப்பாடு. முன்வரிசைக்காரர்கள் மெல்லக்கூடிய மாதிரி அதில் ஒன்றுமில்லை. தயிர்சாதத்தைத் தேடி அவர்கள் தட்டோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நான் இரண்டாவது முறை இனிப்பு எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் போன். டிபன் கடைக்காரம்மா.

"அண்ணா, ஒடனே வா. பெரியவரு தொப்பலா வேர்த்து கெடக்குறாரு. கை காலெல்லாம் நடுங்கிகினே கீது. நான் உள்ள போனதும், இட்லி எங்க, ஏன் இவ்ளோ லேட்டுன்னு கொழறிகினே திட்றாரு. மணி நாலாவுது, இட்லிக்கு நான் எங்க போவேன்?"

எனக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. "வாய்ல சக்கரையப் போடுங்க, நாக்குக்கு அடியில."

"சக்கரை ஆவாது, கண்ணுலயே காட்டாதன்னு நீதான சொன்ன?"

"இப்ப போடுங்கம்மா!" என்று கத்தினேன். ஓட்டல் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வண்டியை எடுத்தேன். மழை. திருக்கழுக்குன்றத்தில் கிரிவலக் கூட்டம், நகர வழியில்லை. ஆரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுகிறவரை ஒரே பயம்தான். அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அதற்கு நடுவிலும் அந்தக் கைதட்டல் காதில் இருந்தது. சனியன், போகவே இல்லை.

நான் போனபோது பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைவாயில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அதே தெருவில் இருக்கும் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இடப்பக்க டம்ளரில், காலையில் போட்டது போக இன்னும் ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"மதியம் சாப்டு படுத்தேன். முழிச்சிகினா ஒரே மூட்டம், ஒண்ணும் தெர்ல. ரேடியோல பக்திப் பாட்டு போய்கினு கீது. அப்பால அந்தப் பொண்ணு, காலை வணக்கம், நேரம் ஏழு மணின்னுச்சி. சரி, விடிய விடியத் தூங்கிட்டம் போலன்னு மாத்திரைய போட்டுகினு இட்லிக்கு ஒக்காந்துகினு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது மதியம் மூணு மணியாம்டா. இந்தம்மா சொல்லுது."

நான் அவர் கடைவாயைத் துடைத்துவிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல நான் ஒரு நாளு இந்த மாதிரி தப்பு டைம் சொல்லியிருந்தா டிரைவரு செருப்பு கழட்டியிருப்பான். இவனுங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

வெளியே வந்து நிலையத்துக்குப் போன் செய்தேன். பணியில் இருந்த பையன், பையன் என்றால் முப்பது வயது, ரொம்ப மரியாதையாகப் பேசினான். "சார், எல்லாரும் உங்க கருத்தரங்குக்கு வந்துட்டாங்க. நான் ஒருத்தன்தான் இருந்தேன். அதனால பழையதைப் போட்டுட்டேன்."

"நேரத்தை வெட்ட மாட்டியா?"

"வெட்டணுமா?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். "நான் சேர்ந்ததுலேர்ந்து யாரும் வெட்டுனது இல்லையே சார். சீனியர் எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதா சொல்வாங்க."

கருத்தரங்கு நடத்திய அதிகாரியிடமும் பேசினேன். இப்படி ஆகிவிட்டது, இனிமேல் நேரத்தை வெட்டச் சொல்லுங்கள் என்றேன். மனதைத் தொடும் அனுபவம் சார், அடுத்த கருத்தரங்கில் நீங்கள் இதையே பேச வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். நான் போனை வைத்தேன். அந்த நாலு வார்த்தையும் எனக்கும்தானே.

மறுநாள் காலை பெரியப்பா பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வேட்டி மடித்து வெளியே வைத்திருந்தார். "டைம் தப்பிப்போச்சில்ல? சொன்ன மாதிரி இட்டுகினு போ" என்றார். குரலில் சண்டை இல்லை. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். "நீங்க தப்பல பெரிப்பா, அவனுங்க தப்பு. தினமும் ரெண்டு வேளை நான் போன் பண்றேன். டைம் நான் சொல்றேன்." அந்த அஞ்சலட்டையைப் பற்றி, போண்டாவைப் பற்றி, அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த நாள் செங்கல்பட்டிலிருந்து அழைத்தேன். பழக்கதோஷம், குரல் தானாகவே அந்தக் குரலாகிவிட்டது. "காலை வணக்கம். நேரம் ஏழு மணி."

மறுமுனையில் சத்தமே இல்லை. ரேடியோவையும் நிறுத்தி வைத்திருந்தார் போல.

"பெரிப்பா, கேக்குதா?"

"கேக்குது. நீ இப்ப பேசுறியா, இல்ல முன்னயே பேசி வச்சதா?"

"இப்பதான் பேசுறேன்."

"அந்த ரேடியோ பொண்ணுந்தான் இப்ப பேசுற மாதிரியே பேசினா." கொஞ்சம் யோசித்தார். "எங்க, ரெண்டு தபா இருமு பாக்கலாம்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை இருமினேன். அதற்குப் பிறகுதான், டம்ளரிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது.