திரும்பி வராத கப்பல்

மலேசியாவின் பத்து பகாட் நகரில் வசிக்கும் எங்களுக்குக் கப்பல் பயணம் என்றால் சிங்கப்பூரில் ஏறி, சிங்கப்பூரிலேயே இறங்குவதுதான் பழக்கம். அடுத்த ஆண்டு மகளின் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் அவளோடு போக இணையத்தில் தேடினேன். பெரிய கப்பல் ஒன்று நம்ப முடியாத மலிவில் இருந்தது. விவரங்களை நிரப்பிவிட்டேன். பணம் கட்டுவதுதான் பாக்கி.

"என்னைக்கு வந்து உங்கள ஏத்திக்கணும்? வேலைக்கு லீவு சொல்லணும்ல," என்றார் கணவர்.

திரும்பும் தேதியைத் தேடினேன். எங்கும் இல்லை. கடைசித் துறைமுகம் துபாய் என்றிருந்தது. பருவம் மாறும்போது கப்பல் வேறு கடலுக்கு இடம் மாறும் ஒருவழிப் பயணமாம் அது. மலிவுக்குக் காரணமும் அதுதான். துபாயில் இறங்கி, விமானச் சீட்டு கிடைக்காமல் நின்றிருந்தால் தேர்வு என்னவாகியிருக்கும்?

"அலமாக், பரீட்சைய துபாய்லயே எழுதிருப்பேன் லா," என்று மகள் சிரித்தாள். நான் பணம் கட்டாமல் அந்தப் பக்கத்தை மூடினேன்.

இப்போதும் அதே மாதிரி ஒருவழிக் கப்பலைத்தான் தேடுகிறேன், ஆனால் தேர்வு முடிந்த பிறகான நாள்களுக்கு. விலைக்கு முன் இறங்கும் துறைமுகத்தையும் விசாவையும் திரும்பும் விமானத்தையும் பார்க்கிறேன். எப்போது, எங்கே வந்து எங்களை ஏற்றிக்கொள்வது என்று நேற்று கணவர் மறுபடி கேட்டார். பதில் தயாராக இருந்தது.

"சிங்கப்பூருக்கு வேணாங்க, செனாய் ஏர்போர்ட்டுக்கு வந்துருங்க."