கூரையைத் தொடாத சுவர்

சின்னமனூருக்கு மேலே, தேயிலை மலையில் இருக்கும் எங்கள் லைன் வீடுகளின் முன்னால் இப்போது சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கருங்கல் சுவர், ஒரே நீளமாகத் தகரக் கூரை, வரிசையாகப் பத்துக் கதவு. வெள்ளைக்காரன் கட்டியது, இன்னும் எப்படி நிற்கிறது பாருங்கள் என்று வியந்துகொள்வார்கள். நிற்கத்தான் செய்கிறது. உள்ளே வந்து பார்த்தவர்கள்தான் யாருமில்லை.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. அதற்கு மேலே கூரைவரைக்கும் வெறும் வெளி. கல்லை மிச்சம் பிடித்தானா, கூலிக்காரனுக்கு இது போதும் என்று நினைத்தானா, தெரியவில்லை. நாலு தலைமுறை அதற்குள்தான் பிறந்து செத்தது. மூன்றாம் நம்பரில் மிளகாய் வறுத்தால் எட்டாம் நம்பரில் தும்முவார்கள். எங்கள் வீடு ஏழு. பக்கத்து வீட்டு மாமா கொட்டாவி விட்டால் எனக்கும் வரும்.

அதனால் முக்கியமான பேச்சு எதையும் லைனில் வீட்டுக்குள் பேசமாட்டார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இருக்கும் குழாயடிக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் சத்தமாகச் சொல்வதெல்லாம் பத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்வது. பெரியவர்களுக்கு இது தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் அம்மாவுக்கு மூச்சிழுப்பு முற்றி, கொழுந்துக்கூடை தூக்க முடியாமல் போனது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். எஸ்டேட் வீடு வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். வீட்டில் ஒருவர் பெயராவது ஆபீஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் ஆபீஸ்காரர் வந்து, குடையை மடக்காமலே வாசலில் நின்று சொன்னார்.

"வேற யாராச்சும் பேரு குடுத்தா இருந்துக்கங்க. இல்லன்னா மாசக் கடைசியில வீட்ட விட்டுரணும்த்தா. மேல இருந்து சொல்லிட்டாக."

அக்கா அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தேனியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து, தகரப் பெட்டியில் துணியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். பெட்டியைப் பற்றி எனக்கென்ன? மலைக்குக் கீழே எங்களுக்குக் கால் வைக்க இடம் கிடையாது என்பதுதான் பயமாக இருந்தது. போதாததற்கு, அப்பா கதவு நிலையில் என் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம், சாரலையும் பார்க்காமல், அம்மாவும் அக்காவும் குடத்தோடு குழாயடிக்குப் போனார்கள். வெகுநேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வந்தார்கள். குடம் காலியாக இருந்தது. தண்ணீர் எங்கே என்று கேட்டேன்.

"கொழாயில தண்ணி வரலடி" என்றாள் அக்கா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்று, அவளுக்கு வழக்கமில்லாத உரத்த குரலில் அம்மாவிடம் சொன்னாள்.

"எனக்குப் படிப்பெல்லாம் ஏறாதும்மா. நீ என்னதான் போகச் சொன்னாலும் நான் போகமாட்டேன். நாளைக்கே ஆபீஸ்ல பேரு குடுத்துர்றேன்."

அம்மா ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சுவருக்கு மேலேயிருந்து பக்கத்து வீட்டு அத்தையின் குரல்தான் வந்தது.

"அதுவும் சரிதான் தாயி. மனசில்லாத பிள்ளைய அனுப்பி என்ன செய்ய."

லைன் முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். எங்கள் அக்காவுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். அவள் கூலியில் நான் கல்லூரிக்குப் போன பிறகும், அவள் வாங்கித் தந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அக்கா சிரிப்பாள். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

அம்மா சாவதற்குச் சில நாள் முன்னால்தான் என்னிடம் சொன்னாள். அது ஆஸ்பத்திரி அறை, சுவர் கூரைவரைக்கும் இருந்தது, அந்தத் தைரியத்தில் சொன்னாளோ என்னவோ. வீடு போனால் போகட்டும், நீ படிக்கப் போ என்று அன்று குழாயடியில் அம்மா கெஞ்சியிருக்கிறாள். "எனக்குப் படிக்கணும் போலத்தாம்மா இருக்கு" என்று அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொல்லி அழுதாளாம். அப்புறம் அவளே எழுந்து, மகள் படிப்பை ஆத்தாக்காரி கெடுத்துவிட்டாள் என்று உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றாளாம். அதற்காகத்தான் வீட்டுக்குள் வந்து அப்படிச் சத்தம் போட்டிருக்கிறாள். இன்றும் அவள் ஏழாம் நம்பரில்தான் இருக்கிறாள்.

அவள் அப்படிச் சத்தம் போட்ட அன்றைக்கு எனக்குப் பசி. உலை வைக்கத் தண்ணீர் இல்லை. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானே குழாயடிக்குப் போனேன். திருகியதும் தண்ணீர் கொட்டியது. இவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஒரு குழாயைத் திறக்கத் தெரியவில்லையே, இவளுக்கு எங்கே படிப்பு ஏறப்போகிறது என்று நினைத்தேன். வீடு போகவில்லை என்ற சந்தோஷத்தில் பாதிக் குடம் பிடித்து, சிந்தச் சிந்தத் தூக்கிக்கொண்டு வந்தேன்.