இந்தக் கரைக்கு மட்டும்

செங்கல் சூளையில் அக்கா தங்கை இருவருக்கும் பெயர் வைத்தவர் மேஸ்திரிதான். மூத்தவள் நெட்டை, இளையவள் குட்டை. "உங்கப்பன் ரெண்டையும் ஒரே அச்சுல அறுத்திருந்தா நான் கூலியை மாத்திக் குடுத்திருப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய புருஷன்மார்கூடக் கடைசியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கல் அறுப்பது ஜோடி வேலை. ஒருத்தி மண்ணைக் குழைத்து உருட்டி அச்சில் அறைவாள். இன்னொருத்தி அச்சைத் தூக்கிப் போய்க் களத்தில் கவிழ்த்துவிட்டு, காலி அச்சோடு ஓடி வருவாள். கூலி ஜோடிக்குத்தான், ஒருத்தி சுணங்கினால் இரண்டு பேர் வயிற்றிலும் அடி. நெட்டை மண் அடிப்பாள், குட்டை அச்சு ஏந்துவாள். ஒரே ஊருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அப்படித்தான். குட்டைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் நெட்டையின் கை தானாக மெதுவாகும். புருஷனின் இருமலில் தூக்கம் கெட்டு நெட்டை பிந்தி வந்தால், குட்டை மண்ணைக் குழைத்து வைத்திருப்பாள். இதையெல்லாம் அவர்கள் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

ஊருக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. நெட்டை இந்தக் கரை, குட்டை அந்தக் கரை. இரண்டு கரையிலும் ஒரே ஓட்டைக் கூரை, ஒரே அரை வயிறு.

ஒரு கோடையில், ஏழைகளுக்கு உதவும் ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளியூர்க்காரர்கள் யாரோ பணம் தருகிறார்களாம். மாதாமாதம், ஒன்றரை வருஷத்துக்கு, வீட்டுப் பெண்ணின் போனுக்கே நேராக வந்துவிடுமாம். திருப்பித் தர வேண்டாம், எதற்குச் செலவு செய்தாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். நெட்டையின் புருஷன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "யார் காதுல பூ சுத்துறீங்க" என்றான். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் அதே பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"எங்க தங்கச்சி அந்தக் கரையில இருக்காம்மா. அவ பேரையும் சேர்த்துக்க" என்றாள் நெட்டை.

"எல்லாருக்கும் குடுக்க பணம் இல்லக்கா. சீட்டு குலுக்கிப் போட்டாங்க. இந்தக் கரைதான் வந்துச்சு. அவங்களுக்கு அடுத்த தடவை பாக்கலாம்."

பணம் உண்மையாகவே வந்தது. முதல் மாதம், கடைத்தெருவில் போனைக் காட்டி எடுத்த நோட்டுகளில் பாதியை நெட்டை வாய்க்கால் பாலத்தின் மேலேயே தங்கையின் கையில் திணித்தாள். குட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்குத் தேவை இருக்குமே அக்கா" என்றாள்.

"ஏன், உனக்கு இல்லையா" என்றாள் நெட்டை.

இரண்டாம் மாதமும் கொடுத்தாள். அப்போது குட்டை அடுப்பூதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "அங்க வச்சிட்டுப் போ" என்றாள். வாங்குகிற கை எப்போதும் கீழேயே இருந்தால் அந்த முகம் அப்படித்தான் திரும்பும். அது நெட்டைக்குப் புரியவில்லை. சுருக்கென்றது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் புருஷன் பேச்செடுத்தான். "பாதியை அந்தக் கரைக்குத் தூக்கிக் குடுத்தா நம்ம கூரை எப்பப் போடுறது? என் நெஞ்சை டாக்டர்கிட்ட எப்பக் காட்டுறது?" அவன் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. நெட்டை தங்கையிடம் போய், "இந்த மாசம் கொஞ்சம் முடை, அடுத்த மாசம் பாக்கறேன்" என்றாள்.

"நான் கேட்டேனா" என்றாள் குட்டை.

அடுத்த மாதமும் பார்க்க முடியவில்லை. கூரைக்குத் தகரம் வந்தது. புருஷனுக்கு மருந்து வந்தது, இருமல் அடங்கியது. சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். கையில் சேர்ந்ததைப் போட்டு ஒரு கறவை மாடும் வாங்கினாள் நெட்டை. பிறந்தது முதல் ஒரு நல்லதையும் காணாத வீட்டில் நல்லது வரிசையாக வந்தது. அதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்றால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

மழை விட்டுச் சூளை தொடங்குகிற சமயம், பாலத்தில் தங்கையைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். "இந்த வருஷம் நான் வரல. மாட்டைப் பாக்கணும். முதுகும் முடியல."

"அப்ப என் ஜோடி?"

"மேஸ்திரி யாரையாவது போடுவாரு."

"போடுவாரு" என்று சொல்லிவிட்டுக் குட்டை நடந்தாள்.

மேஸ்திரி போட்டார். மண் பதம் தெரியாத புதுப் பெண் ஒருத்தியை. காலையில் அறுத்த கல் சாயங்காலத்துக்குள் வெடித்துக் கிடந்தது. வெடித்த கல்லுக்குக் கூலி கிடையாது. சில வாரத்தில் குட்டை கல் அறுப்பதை விட்டுவிட்டு, வெந்த சூளையைப் பிரிக்கும் வேலைக்குப் போனாள். சூடு ஆறாத கல்லைத் தலையில் ஏற்றி இறக்கும் வேலை அது. கடையில் சாமான் வாங்கும்போது நெட்டை அவள் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டாள். தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

"ஏன்டி சொல்லல? காசு வேணும்னா கேட்க வேண்டியதுதானே."

"கேட்டு வாங்குற அளவுக்கு நான் இன்னும் போகல அக்கா." கடைக்காரர் தராசைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "சித்தி வீடு பூட்டிக் கெடக்கும்மா" என்றாள். குட்டையும் புருஷனும் பிள்ளைகளும் தொலைதூரச் சூளை ஒன்றில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடக் குட்டை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தக் கரைக்கு மட்டும் சொல்லவில்லை.

மறு வருஷம் ஆபீஸ் பெண் மறுபடி வந்தாள். ஒன்றரை வருஷம் முடிந்து இந்தக் கரைக்குப் பணம் நின்றுவிட்டது. இனி அந்தக் கரைக்கு. நெட்டை பால் செம்பை அப்படியே வைத்துவிட்டு அவளிடம் ஓடினாள். "அந்தக் கரையில பூட்டிக் கெடக்குறது என் தங்கச்சி வீடும்மா. அதை விட்டுடாதே."

"ஆள் இருந்தாத்தான்க்கா எழுத முடியும். இந்த மாசக் கடைசிக்குள்ள வந்து நிக்கச் சொல்லுங்க. வந்து நின்னாப் போதும்."

நெட்டை விசாரித்து விசாரித்து, பஸ் மாறி மாறி, அந்தச் சூளையைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தாள். தகரக் கூரைக் குடிசைகள் வரிசையாக நின்றன. களத்தில் குட்டை இருந்தாள். இப்போது அவள் மண் அடித்துக்கொண்டிருந்தாள். அச்சு ஏந்த வேறொருத்தி, பேச்சு வராதவள்போல; கையாலேயே ஜாடை காட்டினாள்.

குட்டை எழுந்து கையைக் கழுவினாள். "வாங்க" என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

நெட்டைக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வீடு தேடி வந்த அயலாளுக்குக் கொடுக்கும் மரியாதையைத் தங்கை கொடுத்துவிட்டாள். நெட்டை தண்ணீரை வாங்கிக் குடித்தாள். வந்த விஷயத்தைச் சொன்னாள். குட்டை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்ல சேதிதான். ஆனா வாங்குன முன்பணத்துக்கு வேலை முடியாம இங்க விடமாட்டாங்க."

"நான் இந்தச் சூளை மேஸ்திரிகிட்ட பேசறேன்டி. மாட்டை வித்தாவது கட்டிடறேன்."

"வேணாங்க." குட்டை களத்தின் பக்கம் கண்ணைக் காட்டினாள். "நான் போயிட்டா அவளுக்கு ஜோடி யாரு?"

அவள் அதைக் குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. குரலில் கோபமும் இல்லை. அந்தப் பெண் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். குட்டை தண்ணீர்ச் செம்பை வாங்கி வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க" என்று சொல்லி வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைகள் கல் அடுக்கப் போயிருந்ததால் அவர்களையும் பார்க்க முடியவில்லை.

வீட்டில் புருஷன் கேட்டான். "எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உடம்பு தேறியிருக்கு." பொய்தான். இளைத்துத் துரும்பாகியிருந்தாள்.

மாதக் கடைசியில் ஆபீஸ் பெண் பாலத்தைத் தாண்டி வந்து, "என்னக்கா, தங்கச்சி வர்றாங்களா?" என்று கேட்டாள்.

நெட்டை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "அந்த வீட்டுல யாரும் இல்லம்மா" என்றாள். "பூட்டுன வீடுன்னே எழுதிக்க."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மாடு குடித்து முடிக்கும்வரை நெட்டை வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.